டிக்கிக்குள் ஒரு டார்ச்

முதல் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்தபோதே டெரிக் ஹாடனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. போர்க்கால விமானத் தளத்தைப் பந்தயத் தடமாக்கியவர்கள் ஒரு மரம்கூட வைக்கவில்லை. கடலிலிருந்து கிளம்பிய மார்ச் மாதக் காற்று லிங்கன்ஷயர் வயல்களைக் கடந்து நேராக அவர் காதுக்குள் வந்து நின்றது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான பந்தயம் அது. டெரிக் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினால்தான் எந்த வண்டியும் தடத்தில் இறங்க முடியும். இடது மணிக்கட்டில் எப்போதும் அலுமினிய டேப் சுருள் ஒன்றை மாட்டியிருப்பார். சின்ன ஓட்டைக்காக யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. நின்ற இடத்திலேயே ஒரு துண்டு கிழித்து ஒட்டி, "போ" என்பார். அதனால் ஓட்டுநர்களிடையே அவருக்கு 'வளையல்காரர்' என்று பெயர்.

தேநீரோடு வந்த ஓட்டுநர் ரோலியின் மனைவி வெண்டி தாக்ரே, கோப்பையை அவர் கையில் திணித்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"டெரிக், இன்னிக்கு ரோலிய தடத்துல விட்டுடாதீங்க."

"ஏன், வண்டியில ஏதாவது கோளாறா?"

"வண்டியில ஒண்ணுமில்ல. ஆளுதான் சரியில்ல. மே மாசத்துக்கு அப்புறம் பெட்ரோல் பங்க்ல அவர் இறங்கறதே இல்ல. என் சின்ன வண்டிக்குக்கூட இப்ப நான்தான் போடறேன். வாசனை வந்தா கண்ணாடிய ஏத்திக்கறார். நேத்து ராத்திரியும் சாப்பிடல, காலைலயும் சாப்பிடல."

மே மாதத்தில் நடந்ததை டெரிக்குக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொண்டைஊசித் திருப்பத்தில் பின்னால் வந்த வண்டி ரோலியின் டிக்கியில் மோதியது. பழைய தகர டேங்க் பிளந்து, பெட்ரோல் அவன் முதுகில் வழிந்து இருக்கையில் குளம் கட்டியது. ஏன் பற்றவில்லை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. முதலில் ஓடிப்போய் இழுத்தவர் டெரிக்தான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

"வரலன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"யார்கிட்ட சொல்றது? குளிர்காலம் பூரா அந்த டேங்கோடயே கிடந்தார். கிளப்ல இருக்கறவன் எல்லாம் வீட்டுக்கு வந்து பாத்து, 'ரோலி திரும்பி வர்றான்டா'ன்னு முதுகில தட்டிட்டுப் போனான். இனிமே அவர் வாயால எப்படிச் சொல்வார்?"

"வண்டி சரியா இருந்தா நான் சரின்னுதான் சொல்லணும், வெண்டி. பொய் சொல்லி ஒரு வண்டியையும் நிறுத்தினதில்ல."

"தெரியும். அதனாலதான் நீங்க சொன்னா யாரும் எதிர்த்துப் பேசமாட்டாங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

'விடுங்கள்' என்று கெஞ்சுபவர்கள் அவருக்குப் பழக்கம். 'விடாதீர்கள்' என்பவரை எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. தேநீர் ஆறிப்போயிருந்தது, அதையே குடித்தார்.

ரோலியின் பச்சை வண்டி வந்து நின்றது. அதற்குப் பின்னால் பல் மருத்துவர் பியர்ஸின் சிவப்பு வண்டி.

"வாய்யா வளையல்காரா. கைய சூடாக்கிட்டுத் தொடு, என் வண்டி கூச்சக்காரி" என்றான் ரோலி. சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

டெரிக் டிக்கியைத் திறந்தார். தகர டேங்க் போய், அதைவிடச் சின்னதாக ஓர் அலுமினிய டேங்க் வந்திருந்தது. பின்னாலிருந்து இடித்தால் எட்டாதபடி, சக்கரங்களுக்கு நடுவே முன்தள்ளி உட்கார வைத்திருந்தான். அதைச் சுற்றி இன்னொரு தகட்டுப் பெட்டி. பிடித்து நிறுத்தும் பட்டைகளுக்கு அடியில் எல்லாரும் வைக்கும் கம்பளித் துணி இல்லை. துணி ஈரம் குடித்து உலோகத்தை அரித்துவிடும் என்று ரப்பர் வைத்திருந்தான்.

"உள்ள என்ன?"

"நுரைப்பஞ்சு. மூலை முடுக்கெல்லாம் அடைச்சிருக்கேன். திருப்பத்துல பெட்ரோல் அலையாது. டேங்க் கிழிஞ்சாலும் குபுக்குனு கொட்டாது."

"வண்டி கவுந்தா?"

"டேங்கோட காத்துக்குழாய்ல ஒரு உருண்டை இருக்கு. கவுந்தா அதுவே உருண்டு வந்து அடைச்சுக்கும்."

டெரிக் நட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். குழாயை இழுத்துப் பார்த்தார். குறை என்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. இவ்வளவு பயந்தவனால்தான் இவ்வளவு நன்றாகச் செய்திருக்க முடியும் என்று தோன்றியது.

மிச்சமிருந்தது டார்ச் சோதனை மட்டும். டார்ச்சை எரியவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தலையோடு போர்வையை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். டேங்குக்கும் ஆளுக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகட்டில் எங்காவது வெளிச்சம் கசிந்தால், அந்த வழியாகத் தீயும் வரும். டெரிக் எல்லா வண்டியிலும் இதைச் செய்வார். ரோலிக்கும் தெரியும், அந்தக் கட்டம் போட்ட போர்வையே அவன் கொடுத்ததுதான்.

போர்வைக்குள் திரும்பிப் பார்த்தார். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, கண் போகும் இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு வெளிச்சம்.

கை தன்பாட்டில் டேப்பைத் தேடிப் போனது. போனது நின்றது. ஓட்டையின் விளிம்பு அரத்தால் வழவழப்பாக்கப்பட்டு வண்ணம் பூசப்பட்டிருந்தது. சுற்றிலும் ரப்பர் உட்கார்ந்திருந்த வட்டத் தடம். அங்கே இருந்த அடைப்பானை யாரோ கழற்றியிருக்கிறார்கள். கியர் கம்புக்குப் பக்கத்துப் பள்ளத்தில் தடவினார். அது அங்கேயே கிடந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் வண்டி தடத்தில் இறங்கிவிடும்.

வெளியே ரோலியின் காலணி ஜல்லியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

டெரிக் டேப் சுருளைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தார். அடைப்பானை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினார்.

"ஓட்டை இருக்கு, ரோலி."

"அப்படியா" என்றான் ரோலி. எங்கே என்று கேட்கவில்லை.

பியர்ஸ் எட்டிப் பார்த்தார். "அவ்வளவுதானா? ஒட்டி அனுப்புங்க டெரிக். போன மாசம் எனக்கு ஒட்டினீங்களே."

"இனிமே ஒட்டுறதில்ல."

"எப்பலேருந்து?"

"இன்னிலேருந்து. டேங்குக்கும் முதுகுக்கும் நடுவுல இருக்கிற தகடு அது. டேப்ப நம்பி ஆள விட முடியாது."

"ரோலி குளிர்காலம் பூரா உழைச்சிருக்கான்யா. அவன்மேல உமக்கு என்ன கோபம்?"

ரோலி, "விடு பியர்ஸ். வளையல்காரர் சொன்னா சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு, வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். கூப்பிட்டிருந்தால் நாலு பேர் வந்திருப்பார்கள். தனியாகவே தள்ளினான்.

அடுத்தது பியர்ஸின் வண்டி. போர்வைக்குள் போகும்போதே, இதில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று டெரிக் வேண்டிக்கொண்டார். பழைய ஒயர் ஒன்று போய்வந்த இடத்தில், இருக்கைக்குப் பின்னால் வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. முகத்தை இரு கையாலும் தேய்த்துக்கொண்டார். அன்று முழுவதும் இப்படித்தான் போகப்போகிறது.

"உங்களுக்கும் இருக்கு, பியர்ஸ்."

"இது அநியாயம். இந்த நேரத்துல ரப்பருக்கு நான் எங்க போவேன்? உதிரிபாகம் விக்கிற வேனும் இன்னிக்கு வரல."

"எங்கயாவது தேடிட்டு வாங்க. பந்தயத்துக்கு நேரம் இருக்கு."

பியர்ஸ் வாய்க்குள் திட்டிக்கொண்டே கிளம்பத் திரும்பினார். ரோலி எதிரே வந்தான். இடது கையில் பாதி தின்ற பேக்கன் பன். தாடையில் சாஸ் வழிந்திருந்தது. வலது கையை நீட்டினான்.

"இது சேருமான்னு பாரு."

பியர்ஸ் அந்த ரப்பர் அடைப்பானை உருட்டிப் பார்த்தார். "இது உன் ஓட்டைக்கே சேருமேய்யா."

"எனக்குச் சேரல" என்றான் ரோலி, பன்னைக் கடித்துக்கொண்டே.

பியர்ஸ் அவனையும் டெரிக்கையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன புரிந்ததோ, வண்டிக்குள் குனிந்து அடைப்பானை அழுத்தினார்.

டெரிக் மறுபடி டார்ச்சை டிக்கிக்குள் வைத்து மூடிவிட்டு, இருக்கையில் உட்கார்ந்து போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். எந்தப் பக்கமும் வெளிச்சம் இல்லை. காற்றும் கேட்கவில்லை. வெளியே வரிசை காத்திருந்தது. தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.