பக்கத்துக் கடை யாருடையது

...எண்பத்து மூன்று கலவரத்தைப் பற்றித்தானே கேட்கப்போகிறாள், அதைச் சொல்லிவிடலாம், அதைச் சொல்வதில் பயமில்லை, அப்போது சுந்தரிக்குப் பன்னிரண்டு வயது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைமேல் யார் என்ன குற்றம் சொல்ல முடியும்... மின்ஹா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, சுந்தரியின் தையல் மெஷின் பக்கத்தில் போனை வைத்து ரெக்கோடிங்கை அழுத்தினாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம், கண்டி எரிந்த கதைகளையெல்லாம் தொகுக்கிறாளாம். வெள்ளைக்காரன் வருமுன் ராசாவின் ஆட்களே நகரத்தைக் கொளுத்திவிட்டு மலைக்குப் போனது, 1915இல் கடைகள் எரிந்தது, பிறகு எண்பத்து மூன்று, பிறகு... அதற்கடுத்ததை அவள் வாயால் சொல்லவில்லை, கொப்பியில் எழுதியிருந்தது, 2018 மார்ச், முஸ்லிம் கடைகள், சுந்தரி அதைத் தலைகீழாகவே வாசித்துவிட்டாள். வாசிக்காமல் இருந்திருக்கலாம். பக்கத்துக் கடையில் மணிக்கூடு திருத்திக்கொண்டிருந்த ஹாஷிம் நானாவின் மகள் இவள், அதே அகலமான நெற்றி, அதே நிதானம்.

சொன்னாள். அப்பாவின் தேத்தண்ணிக் கடை எரிந்ததை, மின்ஹாவின் வாப்பாவுடைய வாப்பா, மஹ்மூத் மாமா, அவர்கள் நாலு பேரையும் தன் வீட்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்ததை, அம்மா தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததை. கதவிடுக்கால் பார்த்தாளே, தமிழாட்கள் இருக்கிறார்களா என்று கூட்டம் கேட்டபோது மஹ்மூத் மாமா இல்லை என்றார், அது பெரிதில்லை, இல்லை என்று யாரும் சொல்லலாம், அவருடைய கண் ஒரு தடவைகூடக் கதவுப் பக்கம் திரும்பவில்லை, கேட்டவனின் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார்... இதை ஏன் சொன்னோம், இதை விட்டிருக்கலாமே. மின்ஹா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"மாமி, 2018ல வாப்பா காலையிலயே போர்டைக் கழட்டி உள்ள வெச்சிட்டாங்க. வந்தவங்க வெளியூர் ஆக்கள். எங்கட கடையெண்டு எப்பிடித் தெரிஞ்சிச்சு?"

எப்படித் தெரிந்தது... அன்றைக்கு நெற்றியில் பொட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள் சுந்தரி, நீல ஹெல்மெட் போட்ட ஒருவன் இது யாருடைய கடை என்று சிங்களத்தில் கேட்டான், தமிழ்க் கடை என்றாள், அது உண்மை, உண்மையைச் சொல்வது குற்றமா? அப்போ பக்கத்துக் கடை யாருடையது என்றான். அவள் வாய் திறக்கவில்லை. ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்தாகிவிட்டது, ஒரு சொல் சொல்லவில்லை, தெரியாது என்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் கண் போனது, பூட்டியிருந்த அந்தத் தகரக் கதவுக்குப் போய்விட்டு உடனே நிலத்துக்குத் தாழ்ந்தது, அவனுக்கு அது போதும், நன்றி சொல்வதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். இரண்டும் எங்கடதான் தம்பி என்று சொல்லியிருக்கலாம். சிங்களத்தில் சின்ன வசனம், இப்போதும் ஊசியில் நூல் கோக்கும்போது வாய் தானாகச் சொல்லிப் பார்க்கிறது, ஒரு பிழையில்லாமல் வருகிறது, அன்றைக்கு மட்டும்... பயமா? பயம்தான். எண்பத்து மூன்றில் எரிந்தது போதும் என்ற பயம். அப்படியென்றால் மஹ்மூத் மாமாவுக்குப் பயம் இல்லையா, அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்களே. பக்கத்துக் கடை எரிந்தது, வீட்டாட்களைப் பின்பக்கத்தால் அனுப்பிவிட்டு ஹாஷிம் நானா நெருப்புக்குள் திரும்பிப் போனார், திருத்தக் கொடுத்த மணிக்கூடுகள் ஊராருடையவையாம், கை இரண்டும் வெந்தது, இன்றைக்கும் வலக்கையில் இரண்டு விரல் மடங்காது, குண்டூசித் தலை அளவு ஆணியை அந்தக் கை பிடிக்காது. அவளுடைய கடைக்குச் சுவர் கறுத்தது மட்டும்தான். இரண்டு பூச்சுப் பெயின்ற் அடித்தாள்.

"மின்ஹா, நான் வாய் தொறக்கலம்மா. ஆனா..." என்றாள் சுந்தரி. சொல்லிவிடலாம், சொன்னால் என்ன ஆகும், இவள் எழுந்து போவாள், ஊருக்குத் தெரியவரும், புத்தகத்தில் வரும், வரட்டும்...

மின்ஹாவின் விரல் போனுக்குப் போனது. ரெக்கோடிங் நின்றது.

"கேக்கிறதெண்டா கேளு, மாமி பதில் சொல்ல வெளிக்கிட்டா ரெக்கோடை நிப்பாட்டு எண்டு வாப்பா சொன்னாங்க."

அப்படியானால் ஹாஷிம் நானாவுக்குத் தெரியும். தன் கடையின் மேல்மாடி வீட்டு யன்னலுக்குப் பின்னால் அன்றைக்கு நின்றிருக்கிறார், பார்த்திருக்கிறார், பார்த்துவிட்டுத்தான் கட்டுப்போட்ட கையோடு வந்து உங்கட கடைக்கு ஒண்டும் ஆகலையே தங்கச்சி என்று கேட்டார், பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு நோன்புக்கும் கஞ்சி அனுப்புகிறார், அவளும் வாங்கிக் குடித்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தாள். இத்தனை வருடமும் தனக்கு மட்டும் தெரிந்தது என்றல்லவா நினைத்திருந்தாள். இது மன்னிப்பா, அல்லது சொல்லி ஆறிக்கொள்ள இடம் தராமல் தண்டிப்பதா... மின்ஹா கொப்பியை மூடினாள், எழுந்து போகவில்லை, மடியில் கைவைத்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். இனிச் சொல்வது எழுத்தில் வராது, யாருக்கும் போகாது, இவளுக்கு மட்டும்தான். அதுதான் கஷ்டமாக இருந்தது.