மரக்கடையின் கணக்கு மெஷின்

இப்போதெல்லாம் எதையும் எண்ணிப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை, எவனோ சொன்ன தொகைக்குத் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள் என்று செங்கோட்டையனுக்கு எரிச்சல். எரிச்சலின் காரணம் மேசைமேல் இருந்தது. தம்பி குப்பண்ணன் கோயமுத்தூரிலிருந்து பார்வைக்குக் கொண்டுவந்த கால்குலேட்டர். வைத்துக்கொள்வதா, சாயங்கால பஸ்ஸில் திருப்பி அனுப்புவதா என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும்.

வடகரப்பதியில் அண்ணனும் தம்பியும் நடத்திய மரக்கடையில் இருபத்திரண்டு வருஷமாகக் கூட்டல் போட்டது கைப்பிடி சுற்றும் இரும்பு மெஷின். தடி ஒவ்வொன்றின் வெட்டுமுகத்திலும் கன அடியைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருக்கும். அந்த எண்ணைச் செங்கோட்டையன் மெஷினில் வைத்ததும் வாங்க வந்தவரே கைப்பிடியைச் சுற்ற வேண்டும். தடிக்கு ஒரு சுற்று. தன் கையால் சுற்றி வந்த தொகையை யாரும் மறுத்ததில்லை.

"சக்கரமெல்லாம் தேஞ்சு போச்சுங்ண்ணா."

"தேஞ்சாலும் கண்ணுக்குத் தெரியுது. இதுக்குள்ள என்னடா இருக்குது?"

"எனக்கும் தெரியாதுங்க."

"தெரியாததைத்தான் கடையில வெக்கச் சொல்றே."

வீட்டுக் கூரைக்கு மரம் வாங்க நாச்சம்மாள் வந்தாள். நாலு ஏக்கர் கடலைக்காட்டைத் தனியாளாகப் பார்ப்பவள். ஒன்பது வேங்கைத் தடி. வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஒன்பது சுற்றுச் சுற்றினாள். மெஷின் ஐம்பத்திரண்டு காட்டியது. குப்பண்ணன் கால்குலேட்டரில் தட்டினான். அறுபத்திரண்டு என்று சிவப்பாக எரிந்தது.

"வந்த அன்னிக்கே பத்துக் கூட்டுது பாரு" என்றார் செங்கோட்டையன்.

"எனக்குப் பழசே போதுமுங்க மாமா" என்று நாச்சம்மாள் சிரித்தாள்.

செங்கோட்டையன் சிரிக்கவில்லை. தடிகளிடம் போய்க் குந்தி, விரல்கணுவில் இரண்டு தரம் கூட்டினார். அறுபத்திரண்டுதான். திரும்பி வந்து எண்களை மறுபடி ஒவ்வொன்றாக வைத்துக் கைப்பிடியை மெல்லச் சுற்றினார். ஆறாம் சுற்றில் ஒன்றாமிடச் சக்கரம் மறுபடி ஒன்பதைத் தாண்டியது. பக்கத்துப் பத்தாமிடச் சக்கரம் ஒரு பல் நகர வேண்டியது, லேசாக நடுங்கி அப்படியே நின்றுவிட்டது. எத்தனை நாளாக இப்படி நிற்கிறதோ.

"நம்ம கடை அளவு தாராளம்னு ஊரு பேசினது இதுக்குத்தானாட்ட இருக்குது" என்றான் குப்பண்ணன்.

"அறுபத்திரண்டே போடுங்க, எனக்கு அடுத்தவங்க மரம் வேண்டாம்" என்றாள் நாச்சம்மாள். "ஆனா நான் சுத்தாம எப்படிங்க நம்பறது?"

"நீங்களே தட்டுங்க அம்மிணி" என்று குப்பண்ணன் கால்குலேட்டரை நீட்டினான்.

அவள் ஒற்றை விரலால் தட்டினாள். எண்பத்திரண்டு. எங்கோ ஒரு பொத்தானை இரண்டு தரம் அமுக்கியிருந்தாள். மறுபடி தட்ட, அறுபத்திரண்டு. இரண்டும் ஒரே சிவப்பில்தான் எரிந்தன.

செங்கோட்டையன் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"பழசு தப்பினா எந்தச் சக்கரம் நின்னுச்சுன்னு காட்டும். இது தப்பினா எங்கடா போய்ப் பாக்கறது?"

"மறுக்காத் தட்டோணுமுங்க."

"தப்போ சரியோ, அப்பவும் அதே செவப்புலதானே காட்டுது."

 கடை மரத்தை இனியும் பத்துப் பத்தாக விட முடியாது. அது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"வெச்சுக்கோ" என்றார். "என்னையத் தட்டச் சொல்லாதே."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலில் கிடந்த தடிகளைப் பார்க்க நடந்தார்.