எதுவும் கொண்டுவர வேண்டாம்

ஜப்பானில், நகோயா நகரத்தில் கல்லூரிக் கடைசி வருடம் படித்த நகிசாவுக்கு இன்னும் வேலை அமையவில்லை. பட்டம் வாங்கும் முன்பே வேலை உறுதியாகிவிட வேண்டும். புது ஆட்கள் வேலையில் சேரும் ஏப்ரல் தாண்டினால் பழைய சரக்கு, எந்தக் கம்பெனியும் சீந்தாது. மிச்சமிருந்தது ஒரே ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனி.

நேர்காணலுக்கு அவர்கள் அனுப்பிய அழைப்பைப் படித்ததும் அவளுக்கு உயிர் வந்தது. எதுவும் கொண்டுவர வேண்டாம், பிடித்த உடையில் இயல்பாக வாருங்கள் என்று போட்டிருந்தது. இதுவரை போன இடத்துக்கெல்லாம் கறுப்புக் கோட்டு, தரையில் வைத்தால் சாயாமல் நிற்கிற கறுப்புப் பை, ஓர் எழுத்து பிசகினாலும் கிழித்துப்போட்டு மறுபடி கையால் எழுதிய சுயவிவரம் என்று சுமந்து சுமந்து அவள் தோள் இறங்கியதுதான் மிச்சம்.

அறைத்தோழி மதோகா நம்பவில்லை. "வேண்டாம்னு போட்டிருந்தா வேணும்னு அர்த்தம்டி. பேசாம கோட்டைப் போட்டுக்கிட்டுப் போ," என்றாள். நகிசா கம்பெனிக்கே போன் போட்டு விசாரித்தாள். தேனொழுகப் பேசிய ஒரு பெண், எழுதியிருப்பதுதான் எங்கள் விருப்பம் என்றாள்.

நகிசா மஞ்சள் ஸ்வெட்டரில் கையை வீசிக்கொண்டு போனாள். காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் கறுப்புக் கோட்டில். ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு பை விறைப்பாக நின்றது. இழவு வீட்டுக்குள் கல்யாணப் பட்டோடு நுழைந்தவள்போல அவளுக்குக் கூசியது. ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஓடினால் ஏப்ரல்.

உள்ளே நடுநாயகமாக உட்கார்ந்திருந்த அதிகாரி தேஷிமாவும் கறுப்புக் கோட்டுதான். ஸ்வெட்டர் அழகாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, சுயவிவரத்தைக் கேட்டார்.

"எதுவும் வேண்டாம்னு போட்டிருந்தீங்களே, சார்."

"போட்டிருந்தோம்மா. சொன்னதை யார் வேணும்னாலும் செய்வாங்க. சொல்லாததைப் புரிஞ்சுக்கிட்டுச் செய்யற ஆளுதான் எங்களுக்கு வேணும்."

பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம். வேலை போய்விட்டது என்று நகிசாவுக்குப் புரிந்தது. அழுகை வந்தது, அதை முந்திக்கொண்டு கோபம் வந்தது. முறைப்படி, கிளம்பும்போது நாற்காலியருகே குனிந்து வணங்க வேண்டும், வாசலில் திரும்பி நின்று இன்னொரு முறை குனிய வேண்டும், கதவைச் சத்தமில்லாமல் சாத்த வேண்டும். அவள் எழுந்தாள், ஒரு வணக்கமும் வைக்கவில்லை, கதவை விரியத் திறந்துபோட்டுவிட்டு நடந்தாள். இப்படிச் செய்யும்படியும் யாரும் சொல்லவில்லை.

அடுத்து உள்ளே போக வேண்டிய இளைஞன் அவளை மறித்தான்.

"உள்ளே என்னங்க கேக்கறாங்க?"

"கேக்காததை," என்றாள்.

அவன் அவசரமாகப் பையைத் திறந்து தேட ஆரம்பித்தான்.