மார்ச் மாதக் கோபம்

மினசோட்டாவில் மார்ச் மாதம் பேஸ்பால் ஆட்டம் வைத்தவனைத்தான் முதலில் உதைக்க வேண்டும் என்பது கல்லூரிக் கோச் ஆர்விட் ஹல்வர்சனின் முப்பது வருடக் கருத்து. பனி தூறிக்கொண்டிருந்தது. அவருடைய அணி பதினொரு ஓட்டம் பின்தங்கியிருந்தது. வேலிக்கு அப்பால் அணியின் பஸ், ஹீட்டர் ஓட உறுமிக்கொண்டு நின்றது. அம்பயரிடம் வாய் நீட்டும் கோச்சை மைதானத்தை விட்டுத் துரத்துவார்கள். துரத்தினால் நேராக அந்த பஸ்தான்.

அடுத்த பந்துக்கே ஆர்விட் பாய்ந்து போனார். தொப்பியை வீசினார். மண்ணை உதைத்தார், அது உறைந்து கிடந்ததால் கட்டைவிரல்தான் வீங்கியது.

"யோவ் கிளென், உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"ஆமா, அவிஞ்சுதான் போச்சு" என்றார் அம்பயர் கிளென், மூக்கைத் துடைத்தபடி.

"நீ ஒரு திருட்டுப் பய!"

"சரி."

"வெளிய அனுப்புய்யா என்னை!"

"மாட்டேன். நானும் வருஷா வருஷம் பாக்குறேன், உனக்கு மார்ச்சுல மட்டும்தான் கோவம் வருது. மே மாசம் சூரியகாந்தி விதையைக் கொறிச்சிக்கிட்டு பரம சாதுவா உக்காந்திருக்க."

ஆர்விட் குரலைத் தாழ்த்தினார். "காலு மரத்துப் போச்சுய்யா. கெஞ்சிக் கேக்குறேன்."

கிளென் அந்த பஸ்ஸை ஏக்கத்தோடு பார்த்தார்.

"உன்னைத் துரத்தவாவது நான் இருக்கேன். என்னைத் துரத்த எவன்யா இருக்கான்?"