திருவாளர் இஞ்சாருங்கோ

மான் பார்க்கப் போன மனிதர் பார்த்த கையோடு திரும்பி வரவேண்டியதுதானே! போனவரைக் காணவில்லை. துருவிய தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு, அடுப்பும் படுக்கையும் உள்ள கேம்பர் வானின் படியில் வந்து நின்ற மனோகரி மலையை அண்ணாந்து பார்த்தாள். மலையையும் காணவில்லை.

சற்று முன்னர்தான் வெயில் பளீரென்று எறித்தது. தேசியப் பூங்காவை ஊடறுக்கும் ஓஃபன்பாஸ் மலைக்கணவாய் வீதியோரத் தரிப்பிடத்தில் வானை நிறுத்திய அரசரத்தினம், "ஒரு மானையாவது கண்டிட்டு ஓடி வாறன். நீர் புட்டை அவியும்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கினார். சுவிஸின் ஆரா நகரில் ஓர் உணவகத்தின் சமையலறையிலேயே காலத்தைக் கழித்து, வேலையிலிருந்து இளைப்பாறிய மனிதர். "இந்த நாட்டிலை நான் பாத்ததெல்லாம் பின்பக்கக் கதவும் கோப்பை கழுவுற மிசினும்தான். இனிச் சுத்திப் பாக்கோணும்" என்று ஒற்றைக்காலில் நின்று இந்த வானை வாடகைக்கு எடுத்திருந்தார். மனோகரிக்கும் ஆசைதான். முதியோர் இல்லத்தில் மற்றவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, அவளுக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

இப்போது பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதையும் பனிப்புகார் மூடிவிட்டது. மேசையில் அவருடைய கைத்தொலைபேசி கிடந்தது. பக்கத்திலேயே, நெஞ்சு நொந்தால் நாக்கின் கீழ் அடிக்கிற மருந்தும் கிடந்தது. போன மாரியில்தான் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள்.

"ஐயோ, இந்த மனுசனை என்னெண்டு சொல்லுறது!"

அவள் தரிப்பிடத்தின் விளிம்புக்கு ஓடினாள். "இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!"

காற்றுத்தான் எதிர்த்து வீசியது.

பக்கத்து வானிலிருந்த உர்சுலா என்ற சுவிஸ் பெண்ணும் அவள் கணவரும் சத்தம் கேட்டு இறங்கி வந்தார்கள். மனோகரி தனக்குத் தெரிந்த ஜெர்மனில் விசயத்தைக் கொட்டினாள்.

"உங்கள் கணவரின் பெயர் இஞ்சாருங்கோவா?" என்று உர்சுலா கேட்டாள்.

"இல்லை. அது நான் கூப்பிடுகிற விதம்."

"பெயரைச் சொல்லுங்கள். எல்லோருமாகக் கூப்பிடுவோம்."

மனோகரி வாயைத் திறந்தாள், மூடினாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததேயில்லை. புருசன் பெயரைப் பெண்சாதி சொன்னால் அவனுக்கு ஆயுள் குறையும் என்று தாய் சொல்லிவிட்டிருந்தாள். அகதிகள் முகாமிலும் சரி, ஆஸ்பத்திரியிலும் சரி, கணவர் பெயர் என்ன என்று கேட்டால் அவருடைய வதிவிடப் பெர்மிட் அட்டையை எடுத்து நீட்டிவிடுவாள். பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். அவள் அசையமாட்டாள். அப்படிக் கட்டிக்காத்த ஆயுள் இப்போது புகாருக்குள் எங்கே தடுக்கி விழுந்து கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

'முருகா, பொறுத்துக்கொள்' என்று மனசுக்குள் கும்பிட்டுவிட்டு அடித்தொண்டையால் கத்தினாள்.

"அரசரத்தினம்!"

அவள் குரல் அவளுக்கே அந்நியமாயிருந்தது. உர்சுலாவின் கணவர் பெரிய டோர்ச் லைட்டை அடித்தபடி, சிங்கம்போன்ற குரலில், முன்னால் ஜெர்மன் 'திருவாளரை'யும் சேர்த்துத் தொடர்ந்தார். "ஹெர் அரசரட்னம்! ஹெர் அரசரட்னம்!"

எங்கேயோ ஒரு கல் உருண்டது. பிறகு அந்தச் சத்தமும் நின்றுபோயிற்று.

மனோகரி தலையில் கைவைத்தாள். பெயரைச் சொன்னேன், முடிந்தது! நானே என் வாயால் அவரை அனுப்பிவிட்டேன். உர்சுலா மீட்புப் படைக்குத் தொலைபேசி எடுக்கத் தங்கள் வானுக்குள் ஓட, கணவரும் வழி சொல்லப் பின்னால் போனார். மனோகரி நிலத்தில் குந்தி அழத் தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ... என்னை விட்டிட்டுப் போட்டியளோ?"

"ஓம், இஞ்சைதான் நிக்கிறன்" என்றது ஒரு குரல், பக்கத்துப் பாறைக்குப் பின்னாலிருந்து. "சத்தம் போடாதையும். பொலிஸ் போயிட்டினமோ?"

அவள் பாய்ந்து போய்ப் பார்த்தாள். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அரசரத்தினம் பதுங்கியிருந்தார். உயிரோடு! முழுசாக! அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தேங்காய்ப்பூக் கையாலேயே தோளில் நாலு போடு போட்டாள்.

"எந்தப் பொலிஸ்? உங்களுக்கு விசரே?"

"கோவிக்காதையும். புகாருக்கை பாதையை விட்டிட்டன். இந்தப் பூங்காவிலை பாதையை விட்டு இறங்கினால் குற்றம் எண்டு பலகையிலை போட்டிருக்கு. தட்டித் தடவி வந்து சேர, லைட்டும் அடிச்சு முழுப்பேரையும் சொல்லிக் கூப்பிடுறாங்கள். ஊரிலை அப்பிடிக் கூப்பிட்டது துவக்கோடை வந்த ஆமி. இஞ்சை விசாவுக்குக் காத்திருந்த காலத்திலை பொலிஸ். நல்லதுக்கு ஆரும் என்னை அப்பிடிக் கூப்பிடேல்லை."

"முதல் ஒரு பொம்பிளைக் குரல் கேட்கேல்லையோ?"

"கேட்டது. பெண் பொலிசாக்கும் எண்டு இன்னும் கீழை பதிஞ்சிட்டன்."

"அது நான்."

அரசரத்தினம் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப, உமக்கு என்ரை பேர் தெரியுமோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது, கண்ணீரும் நிற்கவில்லை. 'நல்லகாலம், முருகா, நல்லகாலம்' என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சத்தத்துக்கு எட்டிப்பார்த்த உர்சுலா, மீட்புப் படை வரவேண்டாம் என்று சொல்லித் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, அவர் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள்.

"வந்துவிட்டீர்களா, ஹெர் இஞ்சாருங்கோ!"

"ஓம், ஓம்" என்றார் அவர், மறுக்காமல்.

வானுக்குள் அவர் மருந்தைச் சட்டைப்பைக்குள் வைக்கும்வரை மனோகரி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் புட்டைப் போட்டு சம்பலை வைத்தாள். அவர் புட்டுக் கோப்பையைத் தொடாமல் இருந்தார்.

"மனோகரி, இன்னொருக்கால் சொல்லுமன். பொலிஸ் இல்லாமல் கேட்டுப் பாப்பம்."

"சொல்லமாட்டன்."

"ஏனப்பா?"

"நீங்கள் கனகாலம் இருக்கோணும்" என்றாள் அவள். "இஞ்சாருங்கோ, புட்டு ஆறுது."

"ஓம்" என்று அவர் சாப்பிடத் தொடங்கினார்.