குறைந்த முன்பணத்தில் கோவா

மரியலூர்துவுக்கும் இன்னாசிமேரிக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து ஆண்டுகள் நிறையவிருந்தன. இத்தனை காலத்தில் அவர்கள் இருவர் மட்டுமாக எங்கும் போனதில்லை. தேனிலவு என்று சொல்லத்தக்க ஒரே பயணம், கல்யாணமான மறுவாரம் வேளாங்கண்ணிக்குப் போய்வந்தது. அந்த வேனில் ஓட்டுநர் நீங்கலாகப் பதினாறு பேர் இருந்தார்கள். ஓட்டுநரும் பெண்வீட்டு உறவுதான்.

அதற்குப் பிறகு கடலூர் முதுநகரில் குடியமர்ந்த அவர்களுடைய வீட்டுக் கதவு, பகலில் முழுவதுமாகச் சாத்தப்பட்டதாக யாருக்கும் நினைவில்லை. தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரந்தோறும் கூடிச் செபிக்கும் அன்பியத்துக்கு இன்னாசிமேரிதான் பொறுப்பாளர். ஞானஸ்நானச் சான்றிதழுக்கும், மருமகள் மீதான புகாருக்கும், மிக்ஸி ஜாருக்கும் மக்கள் அவளைத் தேடி வந்தார்கள். மரியலூர்து செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஸ்டோர் சூபர்வைசர். வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுமுன் கூடத்தில் யாராவது உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, மறுபடி பொத்தானைப் போட்டுக்கொள்வது அவருக்குப் பழகிவிட்டிருந்தது. பெங்களூருக்கு வேலைக்குப் போன மகன்கூட, விடுமுறையில் வந்தால் தன் வீட்டில் தானே வரிசையில் நிற்பதாகச் சொல்லுவான்.

ஆகவே அவர்கள் விரும்பியது கோவா அல்ல. உள்ளிருந்து தாழிடக்கூடிய ஓர் அறையும், தங்களை யாருக்கும் தெரியாத ஒரு கடற்கரையும்தான். கடற்கரை கடலூரிலும் இருந்தது; ஆனால் அங்கே சுண்டல் விற்பவர் மரியலூர்துவை மாமா என்று அழைப்பார், காசும் வாங்கமாட்டார், அருகில் உட்கார்ந்தும் விடுவார்.

சங்கதி வெளியே தெரியக்கூடாதென்று சிதம்பரத்துக்கே போய், மேல வீதியில் மாடியிலிருந்த ஒரு டிராவல்ஸில் பதிவு செய்தார்கள். நான்கு நாள், விமானம், கடலைப் பார்த்த அறை. தலைக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய் கட்டினால் போதும், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் அதை நடத்திய கதிரவன். கோவா போவது இவ்வளவு சுலபம் என்பது இருவருக்கும் அதுவரை தெரிந்திருக்கவில்லை.

தவறு பெட்டியில் நேர்ந்தது. சக்கரம் வைத்த பெட்டி எதிர்வீட்டுச் சவரியம்மாளிடம்தான் இருந்தது. இரவல் கேட்கப் போன இன்னாசிமேரியிடம் அந்த அம்மாள் கேட்டாள்:

“எதுக்குடி பெட்டி? எங்க போறீங்க?”

“கோவாவுக்குக்கா.”

“கோவாவுக்கா? நீயும் உன் வூட்டுக்காரருமா? அங்க இன்னாடி இருக்குது?”

ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், அதுவும் அன்பியத்தின் பொறுப்பாளர், புருஷனோடு கடற்கரையில் உட்காரப் போகிறேன் என்று எப்படிச் சொல்வாள்? இன்னாசிமேரியின் வாய், அவளைக் கலக்காமலே, “சவேரியார் கோயிலுக்குக்கா. ஒரு நேர்ச்சை” என்றது.

அடுத்த செபக்கூட்டத்தில் அது அறிவிப்பாயிற்று. எவ்வளவு ஆகும் என்று கேட்டார்கள். இன்னாசிமேரிக்கு ஒரு பொய்க்கு மேல் சொல்லத் தெரியாது, முன்பணத்தைச் சொன்னாள். ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு என்றால் அது போகக்கூடிய இடம்தான் என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பட்டது. வாரம் முடிவதற்குள் தெருவே சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிப் போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தது.

“மாமா, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. கீபோர்ட எடுத்துனு வரேன். பஸ்ல, ரூம்ல, எங்கயும் நம்ம பாட்டுதான்” என்றான் பாடகர் குழுவின் ஆரோக்கிய ஜெகன்.

“ரூம்லயுமா?” என்றார் மரியலூர்து.

“உங்க ரூம்தான் மாமா பெருசு. காலைச் செபம் அங்கதான்னு அக்கா சொல்லிட்டாங்க.”

அக்கா என்றது சவரியம்மாளை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கடைசியில் இன்னாசிமேரி, “கேன்சல் பண்ணிடலாங்க” என்றாள். அவர் சோற்றைப் பிசைந்தபடியே தலையசைத்தார்.

மறுபடி மேல வீதி, மறுபடி அந்த மாடி. கதிரவன் எழுந்து நின்று வரவேற்றார்.

“வாங்க சார்! உங்களால சீசனே களை கட்டிடுச்சு.”

“கேன்சல் பண்ணணும் தம்பி.”

“யாருது சார்?”

“எங்களுது.”

கதிரவன் உட்கார்ந்தார். “தாராளமா பண்ணலாம். ஆனா டெபாசிட் தலைக்கு அஞ்சாயிரம். மீதி நாலாயிரத்து ஒண்ண நீங்க கட்டணும்.”

“போகாததுக்கா?”

“போறதுக்கு இல்ல சார், புக் பண்ணதுக்கு. முன்னாடி கட்டுறதுதான் கொஞ்சம். டெபாசிட்டு கொஞ்சம்னு நான் சொல்லவேயில்லியே?”

அவர் சொல்லத்தான் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

“காரணம் இன்னா போடட்டும் சார்? உடம்பு சரியில்லன்னா டாக்டர் சர்ட்டிபிகேட் இருந்தா கொஞ்சம் கொறையும். வீட்ல துக்கம்னாலும் கொறையும்.”

மரியலூர்து யோசித்தார். “கூட வர்றவங்க” என்றார்.

கதிரவன் திரையை மேலும் கீழும் தேடினார். “கம்ப்யூட்டர்ல அதுக்கு எடமில்ல சார்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “சார், ஒண்ணு சொல்லவா? இவ்ளோ பேர் சேந்தா லீடருக்கு டிக்கெட் ஃப்ரீ. நீங்கதான் லீடர். ஒரு கொடிய மட்டும் பிடிச்சுக்கினு முன்னாடி நடக்கணும். எல்லாரும் உங்க பின்னாடியே வருவாங்க” என்றார்.

மரியலூர்து கண்ணை மூடினார். கோவாவின் மணலில், கையில் கொடியுடன் தான் நடப்பதும், பின்னால் முதுநகர் வருவதும் தெளிவாகத் தெரிந்தன. ஓடிப் பார்த்தார், அவர்களும் ஓடி வந்தார்கள்.

அதற்குள் இன்னாசிமேரி கைப்பையைத் திறந்திருந்தாள். இரண்டு பேருக்குமான பணத்தை மேசைமேல் வைத்தாள்.

“கொடிய சவரியம்மாள்கிட்ட குடுத்துடுங்க தம்பி. அவுங்க நல்லா பிடிப்பாங்க.”

திரும்பும் பஸ்ஸில் தெருவுக்குச் சொல்லவேண்டிய காரணத்தை உருவாக்கினார்கள். செம்மங்குப்பத்தைக் கடந்தபோது, ஜன்னல் வழியே வந்த வழக்கமான நெடியோடு, அதுவும் வந்து சேர்ந்தது: கம்பெனியில் வருடாந்திரப் பராமரிப்பு, லீவு இல்லை. கம்பெனி லீவை ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்பதை மரியலூர்து தெருவுக்குத் தெரிவிக்கவில்லை.

தெரு மிகவும் வருந்தியது. “அழாதடி. உன் நேர்ச்சைய நான் செலுத்திடறேன்” என்றாள் சவரியம்மாள். அழாதிருந்த இன்னாசிமேரி அதைக் கேட்டு, நேர்ச்சை என்ன என்று அவள் கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில், உண்மையாகவே அழுதாள். எல்லோரும் வீட்டுச் சாவிகளை அவளிடமே கொடுத்தார்கள். அவளைத் தவிர யாரிடம் கொடுப்பது?

மே மாதத்தில் ஒரு விடியலில் சென்னைக்குப் போகும் பஸ் தெருமுனையில் வந்து நின்றது. கொடி முதலில் ஏறியது. கீபோர்டு கடைசியில் ஏறியது. போகாத ஓரிரு வீட்டாரும் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். பஸ் திரும்பியதும் தெருவில் கணவனும் மனைவியும் மட்டுமே நின்றிருந்தார்கள்.

வீட்டுக்குள் வந்து மரியலூர்து கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் நகர்த்த வேண்டியிருந்தது. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். சிறிது நேரம் இருவரும் பழக்கத்தின் காரணமாகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தட்டவில்லை. இன்னாசிமேரி காபி கலந்தாள், இரண்டே டம்ளர். எவ்வளவு தண்ணீர் வைப்பதென்று அவளுக்குக் கைக்கணக்கு இல்லாமல் போயிருந்தது.

மாலையில் வெயில் தாழ்ந்தபின் நாற்காலிகளைத் தெரு நடுவிலேயே போட்டு உட்கார்ந்தார்கள். உப்பனாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. அவர் அவள் கையைப் பிடித்திருந்தார். அதை அவர்கள் இருவருமே கவனிக்காதது போலிருந்தார்கள்.

அப்போது ஒருவர், கையில் மஞ்சள் பையும் கல்யாணப் பத்திரிகைகளுமாகத் தெருமுனையில் தோன்றி, பூட்டிய வீடுகளைப் பார்த்தபடி நடந்து வந்தார்.

“ஏங்க, இங்க சவரியம்மாள் வீடு எதுங்க?”

மரியலூர்து மனைவியைப் பார்த்தார்.

“தெரியாதுங்களே. நாங்க வெளியூரு” என்றாள் இன்னாசிமேரி.

“ஓ, சுத்திப் பாக்க வந்தீங்களா?”

“ஆமாங்க. நாலு நாளு.”

வந்தவர் தெருவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “முதுநகர்லயா? இங்க பாக்க இன்னாங்க இருக்குது?”

“இன்னும் பாக்கலீங்க” என்றாள் அவள்.