சந்தைச் சுவரின் ஈரத் தூண்கள்

சந்தை முடிந்ததைச் சொல்லும் மரக்கட்டைகள் 'டக்' என்று மோதின. கூரைப் புறாக்கள் அத்தனையும் ஒரே மூச்சில் எழும்பின. அதே நொடியில், ஒசாகா நகரத்து தோஜிமா அரிசிச் சந்தையில், தண்ணீர்க்காரன் கிசுகே வீசிய வாளித் தண்ணீர் மேற்குச் சுவரில் பட்டு அங்கேயே நின்றுவிட்டது. வழியவில்லை, காயவுமில்லை. மறுநாள் காலை அது பதினொரு தூண்களாகப் பிரிந்து வரிசை கட்டி நின்றது. அன்று ஒரு 'கொக்கு' அரிசி, அதாவது ஓர் ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அளவு, அறுபத்திரண்டு மொம்மே எடை வெள்ளி.

கிசுகேயின் உத்தியோகம், கலையாத கூட்டத்தைக் கலைப்பது. சந்தைக் கூரையின் கீழ் ஒரு பெட்டிக்குள் திரி எரியும். அது அணைந்தால் அன்றைய வியாபாரம் முடிந்தது. ஆனால் வியாபாரிகள் கையை ஆட்டிக் கத்திக்கொண்டே நிற்பார்கள். வீடு தீப்பற்றியது என்றாலும் இன்னும் ஒரு விலை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அப்போது கட்டை தட்டப்படும், கிசுகே தண்ணீரை வாரி அடிப்பான். ஊரின் பெரும் பணக்காரர்களைத் தலையோடு நனைத்து, அதற்குச் சம்பளமும் வாங்கியவன் அவன். சந்தைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறை வீடும் அந்த வாளியோடு வந்ததுதான். அவனும் மனைவி ஒதாமியும் மூன்று பெண்களும் அதில் காலை மடக்கிப் படுத்தார்கள்.

தூண்களுக்கு அர்த்தம் கண்டுபிடித்தவர் மூன்று கிடங்குகளுக்குச் சொந்தக்காரரான மசுயா சென்சபுரோ. "மெழுகுவத்தி மாதிரி நிக்குது பாருங்கய்யா! வெளுத்தது ஏத்தம், கறுத்தது இறக்கம். மேல நீட்டிக்கிட்டிருக்கிற நூல் அன்னிக்குத் தொட்ட உச்சம், கீழ தொங்குறது விழுந்த பள்ளம்" என்றார். ஏடுகளைப் புரட்டினார்கள். முதல் பத்துத் தூண்களும் போன பத்து நாள் விலையோடு இம்மியும் பிசகாமல் பொருந்தின. அப்படியென்றால் பதினொன்றாவது தூண் இன்று வரப்போகும் விலை என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

அந்த வாரத்திலேயே தூண்களுக்குப் பெயர்கள் பிறந்தன. மூன்று கறுப்பு சேர்ந்து வந்தால் 'பிணச்சோறு தின்னும் காகங்கள்'. குட்டைத் தூணில் நீளமான நூல் இருந்தால் 'குடை பிடித்த துறவி'. வெள்ளைக்கு நடுவே ஒரு கறுப்பு நின்றால் 'விருந்துக்கு வந்த மாமியார்'. அதைக் கண்டால் கையிலிருக்கும் அரிசியை உடனே விற்றுவிட வேண்டும். சென்சபுரோ விற்றார், விலை ஏறியது. வாங்கினார், இறங்கியது. ஆனால் மாலையில் பார்த்தால் சுவர் ஒரு நாளும் தவறியதில்லை. காலையில் பார்த்தவர்கள்தான் தவறினார்கள். ஆகவே அவர்கள் தங்கள் கண்ணை நொந்துகொண்டு, கண்ணுக்குக் கஷாயம் குடித்து, மறுநாள் இன்னும் சீக்கிரமாக வந்து நின்றார்கள்.

கிசுகேயைச் சனி பிடித்தது. நாளைய தூண் முளைப்பதைப் பார்க்க வேண்டுமென்று, திரி அணைந்த பிறகும் நானூறு பேர் சுவரெதிரே நின்றார்கள். அவன் தண்ணீர் அடித்தான். அவர்கள் துண்டு கொண்டுவந்திருந்தார்கள். தை மாதத்து ஆற்றுநீரை அடித்தான். பார்வைக்கு நல்லது என்று முகத்தைக் காட்டினார்கள். மீன் கழுவிய தண்ணீரை அடித்தான். சென்சபுரோ நன்றி சொன்னார். கோபத்தில் எட்டு வாளித் தண்ணீரைச் சுவரிலேயே கொட்டினான். தூண்கள் பெருகி நான்கு வருஷத்து விலையையும் காட்டின, கூட்டம் எண்ணூறாகியது.

சந்தைத் தலைவர் காஹெய் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்ப்பா, உன்னைத் தெருவைக் காலி பண்ணத்தானே வச்சிருக்கோம்? நீ என்னடான்னா திருவிழா நடத்துறே!"

"நனைஞ்சா ஓடுறவங்கள வெரட்டலாங்க ஐயா. நனையறதுக்கே வர்றவங்கள என்ன பண்றது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மாசக் கடைசிக்குள்ள தெரு காலியாகணும். இல்லேன்னா வாளியை வச்சிட்டு, வீட்டையும் விட்டுடு."

விஷயத்தைக் கேட்ட ஒதாமி பெண்களின் துணிகளை மடித்து மூட்டை கட்டத் தொடங்கினாள். திட்டியிருந்தால் கிசுகே தாங்கியிருப்பான். அந்த மூட்டையைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை.

மாதத்தின் கடைசி நாள் திரி அணைந்தது. கட்டை தட்டினார்கள். எண்ணூறு முகங்களும் ஆசையோடு அவன் வாளியைப் பார்த்தன. கிசுகே வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்றான்.

"முதலாளிமாருங்களா, உங்களுக்கே இது நல்லா இருக்கா? எண்ணூறு பேரு முறைச்சுப் பாத்துக்கிட்டே நின்னா அது எப்படி எழுதும்? இப்படி எண்ணூறு பேரு சுத்தி நின்னா உங்களுக்குச் சோறு எறங்குமா? சுவருக்குக் கூச்சமா இருக்குய்யா!"

சென்சபுரோ நெற்றியில் அறைந்துகொண்டார். "அதான்! அதான் நேத்து என் கணக்கு தப்பாப் போச்சு!" என்று கத்திக்கொண்டே முதல் ஆளாக ஓடினார். ஓடியவர்கள் விட்டுப்போன செருப்புகள் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு. ஒதாமி மூட்டையை அவிழ்த்தாள்.

அன்றிலிருந்து ஜப்பானிலேயே சீக்கிரமாகக் காலியாகும் தெரு அதுதான் என்று பெயராயிற்று. சுவருக்குத் தினமும் தண்ணீர் காட்ட ஆள் வேண்டுமென்று கிசுகேயின் வேலையைப் பரம்பரை உத்தியோகமாக்கி, வீட்டில் இன்னோர் அறையும் கட்டிக்கொடுத்தார்கள். சென்சபுரோ மூன்று கிடங்குகளையும் இழந்தார். பிறகு தூண் பார்க்கும் கலை பற்றி எட்டுப் பாகத்தில் நூல் எழுதி, அது விற்ற காசில் இரண்டை மீட்டார். மழையில் மற்றச் சுவர்கள் நனைந்தன, காய்ந்தன. மேற்குச் சுவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை யாரும் அதிசயம் என்று சொல்வதை நிறுத்திப் பல வருஷமாயிற்று.

கடைசிப் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அன்று சாயங்காலம், வெறும் தெருவில் வாளியோடு நின்ற கிசுகேயிடம் ஒதாமி மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, நீங்க தெனமும் பக்கத்திலேயே நிக்கிறீங்க. நாளைக்கு என்ன வெலைன்னு அதுக்கு நெஜமாவே தெரியுமா?"

"காலையில வாய்க்கு வந்தபடி ஒரு தூணைப் போட்டு வைக்கும், வெலை வந்த பெறவு எல்லாரும் கத்திக்கிட்டு இருக்கையில நைசா அதை அழிச்சிட்டுச் சரியாப் போட்டுக்கும், பாவம், அதுவும் இந்த முதலாளிங்களோடதானே இத்தனை வருஷமா நிக்குது!"